10 செ.மீ.யா, 16 செ.மீ.யா?

"சின்னதாகக் கிழித்தால் சீக்கிரம் ஆறிவிடும்தானே டாக்டர்?"

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்துவிட்ட வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பதில் நியாயமும் உண்டு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி செய்துகொண்ட சித்தி மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். கர்ப்பப்பையை எடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயிற்றில் மூன்று புள்ளிகள் மட்டுமே தெரிகின்றன. அப்படியிருக்க, இடுப்புக்கு மட்டும் ஏன் முக்கால் சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டும்? சிறிய கீறலிலேயே செய்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள் இருக்கும்போது, பெரிய கீறல் போடும் டாக்டர் பழைய பஞ்சாங்கமா?

பதில் சொல்ல இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். கீறலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது ஒன்று. நோயாளி தேறியதை எப்படி அளக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அவர்களில் மருத்துவர்களும் உண்டு.

பித்தப்பை வேறு, இடுப்பு வேறு

1985-ல் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மூஹெ, வயிற்றைத் திறக்காமல் குழாய் வழியே பித்தப்பையை அகற்றினார். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அந்த முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அது வென்றதற்குத் தெளிவான காரணம் இருந்தது. பித்தப்பையை அறுத்தெடுக்கும் வேலை உடலுக்குப் பெரிய காயம் இல்லை. அந்த இடத்தை எட்டுவதற்காக வயிற்றுத் தசையை நீளமாக வெட்டுவதுதான் பெரிய காயம். மூச்சு விட்டாலும், இருமினாலும், படுக்கையில் புரண்டாலும் வலித்தது அந்த வெட்டுதான். அதை நீக்கியதும் வலியின் பெரும்பகுதி நீங்கியது. பித்தப்பை ஒரு மெல்லிய பை என்பதால் சுருக்கிச் சிறு துளை வழியே வெளியே இழுத்துவிடவும் முடிந்தது.

இடுப்பு மூட்டில் நிலைமை தலைகீழ். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. அந்தப் பந்தின் குறுக்களவு பெரியவர்களுக்குச் சுமார் 4.5 முதல் 5 சென்டிமீட்டர். குருத்தெலும்பு தேய்ந்தோ, ரத்த ஓட்டம் நின்று எலும்பு நொறுங்கியோ மூட்டு கெட்டுப்போனால், அறுவை நிபுணர் முதலில் தசைகளை விலக்கி மூட்டு உறையைத் திறக்கிறார். தொடையைத் திருப்பிப் பந்தைக் கிண்ணத்திலிருந்து கழற்றி, அதன் கழுத்தில் ரம்பம் வைத்து அறுக்கிறார். பிறகு அரைக்கோள வடிவத் துருவியை இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் சுழலவிட்டு, மிச்சமிருக்கும் குருத்தெலும்பை நீக்கி, ரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை துருவுகிறார். அங்கே செயற்கைக் கிண்ணம் பொருத்தப்படுகிறது. தொடை எலும்பின் உட்குழலை அரம்போன்ற கருவிகளால் அகலப்படுத்தி, உலோகத் தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்குகிறார். அல்லது எலும்புச் சிமென்ட் நிரப்பிப் பதிக்கிறார். தண்டின் தலையில் புதிய பந்து ஏறுகிறது.

மேலே தோலில் 10 செ.மீ. கிழித்தாலும் 16 செ.மீ. கிழித்தாலும் உள்ளே நடக்கும் இந்த வேலையில் ஒன்றும் குறைவதில்லை. மூட்டு மாற்று அறுவையில் 'கீஹோல்' என்ற சொல்லுக்கு இடமும் இல்லை. அந்தப் பந்து வெளியே வந்தாக வேண்டும், கிண்ணமும் தண்டும் உள்ளே போயாக வேண்டும்.

சிகாகோவில் கிளம்பிய நம்பிக்கை

ஆனாலும் 2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் சிறு கீறல் ஒரு பெரிய அலையாக எழுந்தது. சிகாகோவில் ரிச்சர்ட் பெர்கர் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டே சிறு கீறல்கள் வழியே, எக்ஸ்ரே திரையின் துணையோடு மூட்டைப் பொருத்தினார். தசையை வெட்டாமல் தசைகளுக்கு இடையே நுழைவதுதான் அவருடைய நோக்கம். 2004-ல் அவர் வெளியிட்ட விவரப்படி, 100 பேரில் 97 பேர் அறுவை நடந்த அன்றே வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். இதே அறுவைக்காக ஒரு வாரத்துக்கு மேல் கட்டிலில் கிடந்தவர்களைப் பார்த்திருந்த உலகம் வாயைப் பிளந்ததில் வியப்பில்லை.

அந்த எண்ணிக்கை பொய்யல்ல. ஆனால் அது கீறலால் வந்ததா, வேறொன்றால் வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் டியூஷன் சென்டர், "எங்கள் மாணவர்கள் எல்லோரும் தேர்ச்சி" என்று பலகை வைத்தால், அந்தப் பெருமை பாடம் நடத்தியவருக்கா, சேர்ந்த பிள்ளைகளுக்கா?

அறுவை அரங்கிலும் இது நடக்கும். 2004-ல் அமெரிக்காவில் வூல்சனும் சகாக்களும் 135 நோயாளிகளை ஒப்பிட்டார்கள். சிறு கீறலில் அறுவை செய்துகொண்டவர்கள் 50 பேர், வழக்கமான கீறலில் 85 பேர். சிறு கீறல் குழுவில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஒல்லியானவர்கள், உடல்நலமும் கூடியவர்கள். கொழுப்பு குறைவாக இருந்தால்தான் சிறு கீறல் வழியே உள்ளே பார்க்க முடியும் என்பதால் டாக்டர்கள் அப்படித் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஒல்லியாக, சர்க்கரையோ இதயநோயோ இல்லாமல் இருப்பவர் எந்தக் கீறலிலும் சீக்கிரம் எழுந்து நடப்பார். இவ்வளவு சாதகம் இருந்தும், அந்த ஒப்பீட்டில் சிறு கீறல் குழுவில்தான் காயச் சிக்கல்களும், கிண்ணம் சரியான கோணத்தில் அமையாத நிலையும் அதிகமாகத் தெரிந்தன.

ஆக, சிறு கீறலுக்கு என்று தனி வலிமை உண்டா என அறிய, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் வேண்டும். அதற்கு ஒரே வழி சீட்டுக்குலுக்கல் சோதனை. யாருக்கு எந்தக் கீறல் என்பதை டாக்டரும் முடிவு செய்யக் கூடாது, நோயாளியும் முடிவு செய்யக் கூடாது. குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெல்ஃபாஸ்டில் நடந்தது

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் மஸ்கிரேவ் பார்க் மருத்துவமனை இருக்கிறது. மூட்டு மாற்று அறுவைகள் பெரும் எண்ணிக்கையில் நடக்கும் இடம். 2003 டிசம்பருக்கும் 2004 ஜூனுக்கும் இடையே அங்கே ஒரு பக்க இடுப்பு மூட்டு மாற்றுக்கு வந்த 219 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 செ.மீ. அல்லது அதற்கும் குறைவான கீறல். மற்றொரு பிரிவுக்கு 16 செ.மீ. இரண்டுமே இடுப்பின் பின்பக்கத்திலிருந்து நுழையும் ஒரே வழி.

இந்தச் சோதனையை நான் விரிவாகச் சொல்லக் காரணம் அதன் கட்டமைப்பு. இரண்டு குழுக்களுக்கும் இடையே கீறலின் நீளத்தைத் தவிர வேறு எந்த வேறுபாடும் நுழைந்துவிடாதபடி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்திருக்கிறார்கள்.

முதல் ஓட்டை, கைப்பழக்கம். புதிய முறையைச் சோதிக்கும்போது, "உங்கள் டாக்டருக்கு அதில் பழக்கம் போதாது, அதனால்தான் பலன் தெரியவில்லை" என்ற வாதம் கட்டாயம் வரும். பெல்ஃபாஸ்டில் எல்லா அறுவைகளையும் ஒரே நிபுணர் செய்தார். சோதனைக்கு முன்பே 300-க்கும் மேற்பட்ட சிறு கீறல் அறுவைகளை முடித்திருந்தவர் அவர்.

அடுத்தது எதிர்பார்ப்பு. "எனக்குப் புதுமுறை" என்று தெரிந்த நோயாளி தெம்போடு எழுந்து நடப்பார்; "எனக்குப் பழையதுதான்" என்று நினைப்பவர் தயங்கித் தயங்கிக் காலை ஊன்றுவார். ஆகவே தமக்கு எந்த அளவுக் கீறல் என்பது நோயாளிகளுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது. இப்படி மறைத்துச் செய்வதை மறைப்புச் சோதனை என்று அழைக்கலாம். மருந்துச் சோதனையில் இது எளிது, ஒரே நிறத்தில் இரண்டு மாத்திரை செய்தால் போதும். அறுவையில் இதைச் செய்து முடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசி ஓட்டை, பராமரிப்பு. மயக்க மருந்து, வலிமருந்து, பிசியோதெரபி மூன்றுக்கும் இரு குழுவினருக்கும் ஒரே நடைமுறைதான்.

பிறகு அளந்தார்கள். ரத்தத்தின் அடர்த்தி எவ்வளவு குறைந்தது? எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது? வலி எவ்வளவு, வலிமருந்து எவ்வளவு? ஆரம்ப நாட்களில் எப்படி நடந்தார்கள்? எந்த நாளில் வீடு திரும்பினார்கள்? எக்ஸ்ரேயில் கிண்ணமும் தண்டும் சரியான இடத்தில் இருக்கின்றனவா? சிமென்ட் சீராகப் படிந்திருக்கிறதா? ஆறு வாரம் கழித்து அன்றாட வேலைகள் எந்த அளவுக்கு முடிகின்றன?

ஒகோண்டா, பெவர்லண்ட் உள்ளிட்ட குழுவினர் 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். மேலே சொன்ன எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே மருத்துவமனைக் குழு நோயாளிகளின் நடையைத் தனியே ஆராய்ந்து ஒப்பிட்டபோதும் வித்தியாசம் கிடைக்கவில்லை.

முடிவை அவர்கள் நேர்மையாகவே எழுதினார்கள்: பழக்கமுள்ள கையில் சிறு கீறல் பாதுகாப்பானது, ஆனால் ஆரம்ப வாரங்களில் அதனால் கூடுதல் நன்மை ஏதுமில்லை. முந்நூறு முறை சிறு கீறலில் செய்து பழகியவரை வைத்தே இதைக் கண்டுபிடித்து வெளியிட்டதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

தோலைவிட ஆழமான காயம்

தோலில் ஆறு செ.மீ. மிச்சமானால் என்ன மிச்சமாகிறது? தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும். நடக்கும்போது வலிப்பதும் நொண்ட வைப்பதும் பெரும்பாலும் அவை அல்ல. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடாமல் தாங்கும் பக்கவாட்டுப் பிட்டத் தசைதான் நடையைத் தீர்மானிக்கிறது. அந்தத் தசைக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தழும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் குழுவினர் அதை நேரடியாகவே பார்த்தார்கள். தானமாக வந்த 10 உடல்களில், ஒரு பக்க இடுப்பில் இரட்டைக் கீறல் முறையிலும் மறுபக்கத்தில் பின்பக்கச் சிறு கீறல் முறையிலும் மூட்டைப் பொருத்தினார்கள். பிறகு முழுவதுமாகத் திறந்து தசைகளைச் சோதித்தார்கள். தசையைத் தொடாது என்று புகழப்பட்ட இரட்டைக் கீறல் முறையில்தான் அந்தப் பிட்டத் தசைக்குக் கூடுதல் சேதம் இருந்தது. குறுகிய வழியே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவியும் தண்டும் போய்வரும்போது ஓரத்துத் தசைகள் சிராய்ந்துபோகின்றன. கீறல் சின்னதாக இருந்தால் அதை விரித்துப் பிடிக்கும் கொக்கிகளையும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது.

அதே மருத்துவமனையில் 72 நோயாளிகளைக் கொண்டு நடந்த சீட்டுக்குலுக்கல் சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. வாக்கரையும் ஊன்றுகோலையும் கைவிட்டு அன்றாட வேலைகளுக்குத் திரும்ப, இரட்டைக் கீறல் குழுவினருக்கே அதிக நாட்கள் பிடித்தன.

இப்போது பரவலாகப் பேசப்படுவது முன்பக்க வழி. தொடையின் முன்புறத்தில் இரண்டு தசைகளுக்கு இடையே இயற்கையாகவே இருக்கும் இடைவெளியில் நுழைவது. புதியது போலத் தோன்றினாலும், 1917-லேயே ஸ்மித்-பீட்டர்சன் விவரித்த பாதைதான் இதற்கு அடிப்படை. இங்கே கவனம் தோலின் நீளத்திலிருந்து தசைக்கு மாறியிருக்கிறது. அதை நான் முன்னேற்றம் என்றே கருதுகிறேன். ஒப்பிட்ட பல சோதனைகளில் முதல் சில வாரங்களில் இந்த வழிக்கு ஓரளவு முன்னிலை தெரிகிறது. சில மாதங்களில் இரு குழுவும் சமமாகிவிடுகின்றன. தொடையின் வெளிப்புறத்தில் மரத்துப்போதல் இந்த வழியில் அடிக்கடி வரும் பக்கவிளைவு. அங்கே ஓடும் ஒரு தோல் நரம்பு இழுபடுவதுதான் காரணம்.

அப்படியானால் அன்றே நடந்தவர்கள்?

சிகாகோவில் அன்றே வீட்டுக்குப் போனார்களே, அதற்கு என்ன பதில்? விடை பிலடெல்ஃபியாவில் கிடைத்தது. ரோத்மன் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் சுமார் நூறு பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். சிறு கீறலோடு வழக்கமான பராமரிப்பு. சிறு கீறலோடு முடுக்கிய பராமரிப்பு. வழக்கமான கீறலிலும் அதே இரண்டு. முடுக்கிய பராமரிப்பு என்றால், அறுவைக்கு முன்பே நோயாளியையும் வீட்டாரையும் உட்கார வைத்து விளக்குவது, முன்கூட்டியே உடற்பயிற்சி தருவது, வலி தலைதூக்கும் முன்பே மருந்து கொடுப்பது, தாமதிக்காமல் எழுப்பி நடக்க வைப்பது.

2007-ல் வந்த முடிவு: நன்றாக நடந்தவர்களும் மனநிறைவு கொண்டவர்களும் முடுக்கிய பராமரிப்புக் குழுவினர். கீறல் எந்த அளவு என்பது அதில் பொருட்டாக இல்லை.

டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் 1990-களிலிருந்து குடல் அறுவையில் தொடங்கிப் பரப்பியதும் இந்தச் சிந்தனையைத்தான். அறுவைக்குப் பின் நோயாளியைப் படுக்க வைத்திருப்பது எதற்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிக்காகவா? மயக்கத்துக்காகவா? வெறும் பழக்கத்துக்காகவா? காரணம் இல்லாதவற்றை நீக்கினார், காரணம் உள்ளவற்றுக்கு மருந்து தேடினார். அந்நாட்டில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கு மருத்துவமனையில் தங்கும் காலம் 2000-ல் சராசரி 10, 11 நாளாக இருந்தது. 2009-ல் அது 4 நாளாகக் குறைந்தது.

யார் சொல்வது கணக்கு?

1969-ல் வில்லியம் ஹாரிஸ் இடுப்புக்கு 100 மதிப்பெண் கொண்ட அளவுகோலைத் தந்தார். வலிக்கு 44, செயல்பாட்டுக்கு 47, மூட்டின் அசைவுக்கு வெறும் 5. மதிப்பெண் போடுபவர் மருத்துவர். தம்மைக் காப்பாற்றிய டாக்டரின் முகத்துக்கு நேரே "இன்னும் வலிக்கிறது" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆகவே 1996-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நோயாளியே நிரப்பும் 12 கேள்விகள் உருவாயின. இரவில் வலியால் தூக்கம் கெடுகிறதா, சாக்ஸ் போட முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்பது போன்றவை. மொத்தம் 48 மதிப்பெண். இங்கிலாந்தில் 2009 முதல், அரசுச் செலவில் இந்த அறுவை செய்துகொள்பவர்களிடம் முன்னும் பின்னும் இதைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். நோயாளி வாய்மொழி அளவீடு என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பன்னிரண்டில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்ற கேள்வி இல்லை. இந்தியக் கழிப்பறையில் குந்த முடிகிறதா என்பதும் இல்லை. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய ஒருவர் 48-க்கு 45 வாங்கியும் ஏக்கத்தோடு இருக்கக்கூடும். பின்பக்க வழியில் மூட்டு பொருத்தப்பட்டவர்களிடம் ஆழமாகக் குந்த வேண்டாம், பந்து நழுவும் ஆபத்து உண்டு என்று டாக்டர்கள் எச்சரிப்பது வழக்கம். நம் ஊர் நோயாளிக்கு ஏற்ற கேள்விகளை நாமே சேர்த்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலத்தின் கணக்கும் ஒன்று உண்டு. 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தையும் கெட்டியான பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் இணைத்ததிலிருந்து நவீன இடுப்பு மாற்று தொடங்குகிறது. பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வின்படி, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் உழைக்கின்றன. அந்த ஆயுளில் கிண்ணம் அமர்ந்த கோணத்துக்குப் பங்கு உண்டு. சின்னக் கீறலுக்காகப் பார்வையைக் குறுக்கிக்கொண்டு கோணம் பிசகினால், இழப்பது முதல் வாரத்தை அல்ல, பின்வரும் ஆண்டுகளை.

உண்மையான துளை வழி

குழாய்க் கேமரா மூலம் இடுப்பு மூட்டுக்குள் செய்யும் அறுவையும் இருக்கிறது. ஆனால் அது மூட்டை மாற்றுவதற்கல்ல. இளம் வயதில் பந்தின் கழுத்தோ கிண்ணத்தின் விளிம்போ சற்றுத் துருத்திக்கொண்டு, மடக்கும்போது ஒன்றோடொன்று இடித்து வலி தரும். அந்தத் துருத்தலைச் செதுக்கிச் சீராக்குவதே இதன் வேலை. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேருக்கு இந்த அறுவையையும், ஆளுக்கேற்ற பிசியோதெரபியையும் சீட்டுக்குலுக்கல் முறையில் ஒப்பிட்டு 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்து நோயாளிகளே தந்த மதிப்பெண் நூற்றுக்கு 58.8-ம் 49.7-ம். இரு பக்கமும் முன்னேற்றம். அறுவைக்குக் கொஞ்சம் கூடுதல். இங்கே சிறு துளை தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

டாக்டரிடம் கேட்க

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை வரவிருந்தால், கீறல் எத்தனை செ.மீ. என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? எந்த வழியாக நுழைவீர்கள், அதில் உங்கள் கைப்பழக்கம் எவ்வளவு? அறுவைக்கு முன்பே பயிற்சி தொடங்கலாமா? எத்தனை மணி நேரத்தில் எழுப்பி நடக்க வைப்பீர்கள்? தரையில் உட்காரலாமா, குந்தலாமா? ஓராண்டு கழித்தும் உங்கள் நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்களா? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டர் 16 செ.மீ. கிழிக்கிறேன் என்றால் கிழிக்கட்டும்.